கை சரியாப் போச்சா, அண்ணாச்சி?



ஆனி பிறந்துவிட்டால் நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடிக்க ரத வீதிகளில் ஊரே திரண்டுவிடும். வடத்தைத் தொடாமல், கடை வாசலில் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர்களும் உண்டு. தோளில் ஆபரேஷன் ஆனவர்களை நினைத்துச் சொல்கிறேன். இந்த மாதப் பக்கம் அவர்களுக்காக.

தோளை நம்பிப் பிழைக்கிற சீமை நம்முடையது. அல்வா கிண்டுகிறவர், பரோட்டா வீசுகிற மாஸ்டர், பனையேறி, கார் நடவுக்கு நாற்றுக்கட்டு சுமக்கிறவர் எல்லோருக்கும் தோள்தான் முதல். அந்த மூட்டில் பந்து பெரிது. அது உட்காரும் குழி ஆழமில்லாதது. கை எல்லாப் பக்கமும் சுழல்வதும் அதனால்தான், சட்டென்று நழுவுவதும் அதனால்தான். பந்தைக் குழியில் இறுக்கிப் பிடித்திருப்பவை நான்கு தசைகளின் நார்கள்.

இவற்றில் அறுந்த நாரை ஆபரேஷனில் எலும்போடு சேர்த்துத் தைத்தபின் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் கை ஸ்லிங்கில் தொங்கும். அதைக் கழற்றியதும் தெருவில் எதிர்ப்படுகிற எல்லோரும், "கை சரியாப் போச்சா, அண்ணாச்சி?" என்பார்கள். வலி குறைந்திருப்பதால் ஆமாம் என்று சொல்லத் தோன்றும். சிக்கல் அங்கேதான். வலி முந்திக்கொண்டு போய்விடும். நார் எலும்போடு மெதுவாகத்தான் ஒட்டும். பாரம் தூக்க 3 மாதமாவது ஆகும். பலம் திரும்ப 6 மாதம், சிலருக்கு ஒரு வருஷம். அவசரப்பட்டுக் குடத்தைத் தூக்கினால் தைத்த இடம் விட்டுப்போகலாம். பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியைச் சொன்ன அளவுக்குச் செய்வதுதான் வழி. சுவரில் விரல்களை நண்டு ஊர்வதுபோல் மேலே ஏற்றி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். சட்டை மாட்டும்போது ஆபரேஷன் ஆன கை முதலில், கழற்றும்போது கடைசியில். மல்லாந்து படுத்தால் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை. கொண்டை போடக் கை எட்டாத மதினிக்கு வீட்டில் யாராவது தலைவாரிவிட வேண்டும்.

2006-ல் லண்டனில் தோள் ஆபரேஷன் செய்துகொண்ட சச்சின் டெண்டுல்கர், 2010 பிப்ரவரியில் குவாலியரில் 200 ரன் அடித்தார். நம்பிக்கைக்கு அது போதும். ஆனால் அவருக்குக் கூலி நின்றுபோகிற கவலை இல்லை. ஆபரேஷன் செலவுக்குக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தாலும், வீட்டில் உட்காரும் மாதங்களுக்கு யார் பொறுப்பு? வலியைச் சொல்லாமல் பலர் முன்கூட்டியே வேலைக்குத் திரும்புவது இதனால்தான்.

கடை முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுப்படி மாஸ்டரை டாக்டர் சம்மதிக்கும்வரை கல்லாவில் உட்கார வையுங்கள், சம்பளத்தில் கைவைக்காதீர்கள். சிலருக்குக் கை பழையபடி முழுதாக மேலே போகாமலும் இருக்கலாம். அப்போது வேலையை மாற்றிக் கொடுங்கள், ஆளை மாற்றாதீர்கள். அப்படி மாற்றிக்கொடுத்த கடைகள், வீடுகள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்