வாடகைக் கணக்கை எல்லோருக்கும் காட்டுங்கள்



என்னிடம் படித்த பலருக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. பெற்றோரை இழக்கும் வயது. துக்கம் ஆறுவதற்குள் சொத்துப் பேச்சு வந்துவிடும். அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

பெண்களுக்குச் சொத்தில் பங்கு 1989-இல்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தமிழ்நாட்டுத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கானது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. "நகை போட்டோம், சீர் செய்தோம்" என்று சொல்லி மகளின் பங்கைக் கழிக்க முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டாதீர்கள். யோசிக்க அவளுக்கு அவகாசம் கொடுங்கள். மற்ற மதத்தவருக்குச் சட்டம் வேறு. ஆனால் இனி நான் சொல்லும் நியாயம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

நான் பார்த்தவரை, பாகப்பிரிவினையைவிட அதற்கு முன் வருகிற வாடகைதான் அதிக மனக்கசப்பைத் தருகிறது. பழைய வாத்தியார் என்பதால் ஒரு கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். மாடி வாடகை 12,000, கடை வாடகை 8,000. கீழ் வீட்டில் அம்மாவும் மூத்தவரும் குடியிருக்கிறார்கள். அதை வாடகைக்கு விட்டால் 12,000 வரும். ஆக மொத்தம் 32,000. வீட்டு வரி, பராமரிப்புக்கு 4,000 போக மீதி 28,000. நாலு பேருக்குத் தலா 7,000. அம்மாவும் மூத்தவரும் ஆளுக்கு 6,000 ரூபாயைக் குடியிருப்பாகவே அனுபவிக்கிறார்கள். எனவே அவர்களுக்குக் கையில் 1,000, மற்ற இருவருக்கும் 7,000. குடியிருப்பவரின் பங்கைக் கணக்கில் சேர்க்காவிட்டால் வெளியூரில் இருப்பவர் ஏமாந்துபோவார். அம்மாவின் பணம் அம்மா கைக்கே போகட்டும்.

"குழாய் ரிப்பேர் முதல் எல்லாவற்றுக்கும் நான்தானே அலைகிறேன்?" என்று மூத்தவர் கேட்பது நியாயம்தான். அதற்கு ஒரு தொகையை எல்லோரும் கூடி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அவராகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்ப அறக்கட்டளையாக இருந்தால் 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொறுப்பாளர் கணக்கு வைக்க வேண்டும், பயனாளி கேட்டால் காட்ட வேண்டும், பாரபட்சம் கூடாது, பத்திரத்தில் சொல்லியிருந்தாலோ முன்பே ஒப்புக்கொண்டிருந்தாலோ ஒழிய ஊதியம் கிடையாது. அறக்கட்டளை இல்லாத வீட்டிலும் இதே ஒழுங்கு இருந்தால் என்ன கெட்டுவிடும்?

ஒரு நோட்டு போதும். வரவு, செலவு, ரசீது. மாதாமாதம் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கணக்குக் கேட்கும் தங்கையைச் சந்தேகப் பிராணி என்று ஏசாதீர்கள். அது அவளுடைய பணமும்தான்.