இருதயத்தின் ஓரத்தில் ஒரு சிறு பை



கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவரது வாப்பாவுக்கு வயது 74. இருதயம் ஒழுங்கின்றித் துடிக்கிறதாம். இரத்தம் கட்டிபடாதிருக்க வார்பரின் குளிசை குடித்து வந்தவருக்கு வயிற்றில் இரத்தம் கசிந்து இரு முறை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். "இருதயத்தில் ஒரு மூடி வைத்துவிட்டால் குளிசையே தேவையில்லை" என்று வெளிநாட்டிலுள்ள மகன் சொல்கிறாராம். இது உண்மையா, குளிசையை இப்போதே நிறுத்தலாமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் கேளாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

இருதயத்தின் மேலறைகளைச் சோணையறைகள் என்று நம் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கிறார்கள். இடது சோணையறையின் ஓரத்தில் பெருவிரலளவில் ஒரு சிறு பை இருக்கிறது. அறை சீராகச் சுருங்கும்போது பையிலுள்ள இரத்தமும் வெளியேறிவிடும். அறை சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கினால் இரத்தம் பைக்குள் தேங்கிக் கட்டிபடும். அக்கட்டி புறப்பட்டு மூளையின் நாளத்தை அடைத்தால் பாரிசவாதம். இந்நோயுள்ளோருக்கு அந்த அபாயம் ஏறக்குறைய 5 மடங்கு அதிகம். வால்வு நோயில்லாதவர்களில், இடது சோணையறையில் காணப்படும் கட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பைக்குள்தான் இருக்கின்றன என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பையின் வாயை அடைத்துவிட்டால் என்ன என்ற யோசனை அப்படிப் பிறந்ததுதான். தொடையிடுக்கு நாளத்தினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரு சோணையறைகளுக்கும் இடையிலுள்ள சுவரைத் துளைத்து, குடைபோல் விரியும் ஒரு சிறு கருவியைப் பையின் வாயில் வைக்கிறார்கள். நெஞ்சைப் பிளப்பதில்லை. சில மாதங்களில் அதன்மேல் சவ்வு படர்ந்துவிடும். 'வாட்ச்மேன்' என்ற கருவிக்கு அமெரிக்க அரசு 2015இல் அனுமதி வழங்கியது.

பலன் என்ன? வார்பரினோடு ஒப்பிட்டு 1,114 பேரிடம் நடத்திய இரு ஆய்வுகளின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. பாரிசவாதம் மொத்தத்தில் இரு சாராருக்கும் ஏறக்குறைய சமம். மூளைக்குள் இரத்தம் கசிவது கருவி வைத்தவர்களில் 80 வீதம் குறைவு. கட்டி அடைத்து வரும் பாரிசவாதமோ அவர்களில் சற்றுக் கூடுதலாகவே தென்பட்டது. உறுதியாகச் சொல்லுமளவுக்கு அல்ல. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் எல்லோரும் வார்பரின் குடிக்கக்கூடியவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே மகன் சொன்னது பாதிதான் உண்மை. அந்த ஆய்வுகளில் கருவி வைத்த பிறகும் 45 நாட்கள் வார்பரின் கொடுத்தார்கள். பின்னர் ஆறு மாதம் வரை அஸ்பிரினும் குளோபிடோகிரலும். இரத்தக் கசிவு கண்டவருக்கு டாக்டர் இதை மாற்றியமைப்பார். துடிப்பின் ஒழுங்கின்மையோ அப்படியே இருக்கும். படபடப்புக்கான மருந்துகளும் தொடரும். சிலருக்குக் கருவி வைக்கும்போது இருதயத்தைச் சுற்றி இரத்தம் சேரலாம். கருவியின் மீதே கட்டி படிவதும் உண்டு. பல இலட்சம் ரூபாய் செல்லும் காரியம். காசு சேர்க்கப் புறப்படுமுன் ஒன்று கேளுங்கள்: வார்பரினுக்குப் பதிலாக அபிக்சாபான் போன்ற புதிய குளிசை பொருந்துமா? 2011இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அதில் இரத்தக் கசிவு குறைவாக இருந்தது.

சிறுவயதில் வாதக்காய்ச்சல் வந்து ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பைக்கு வெளியிலும் கட்டி உண்டாகலாம், இக்கருவி அவர்களுக்கானதல்ல. அவர்களுக்கு இன்றும் வார்பரின்தான்.

கருவியில் பன்றியின் பொருள் உண்டா என்றும் சிலர் கேட்பர். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பி, பொலியெஸ்டர் துணி, அவ்வளவுதான். ஆனால் சிகிச்சையின்போது ஏற்றும் ஹெபரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. உயிராபத்தான நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடந்தருகிறது; இதற்காகச் சிகிச்சையைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை.

வார்பரின் குடிப்போர் கொட்டாஞ்சேனையில் மட்டுமா, வெள்ளவத்தையிலும் இருக்கிறார்கள். றமழானில் சாப்பாடு மாறும். சிலர் முருங்கையிலை, கங்குன் சுண்டலை அடியோடு விடுவார்கள். சிலர் அள்ளிச் சாப்பிடுவார்கள். இரண்டுமே இரத்தத்தின் அளவைக் குழப்பும். பலருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குளிசையை நோன்பு திறந்த பின் ஒரே நேரத்தில் குடிக்கலாமா, இரத்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்பதை ஷஃபான் மாதக் கிளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.