மறுநாளும் முதல் பலகையில்



தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக மாமல்லபுரம் செல்வோர் பூஞ்சேரியை அறிவர். 2022ஆம் ஆண்டில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் அங்கே நடைபெற்றது. ஆகஸ்டு 8 அன்று, பத்தாம் சுற்றில், இந்தியாவின் இரண்டாம் அணிக்கு முதல் பலகையில் ஆடிய குகேஷுக்கு வயது 16. அத்தொடரின் முதல் எட்டு ஆட்டங்களையும் அவர் வென்றிருந்தார். உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிரான இந்த ஆட்டத்திலும் வெற்றி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் காய்களும் நேரமும் குறைந்துவிட்ட இறுதிக் கட்டத்தில், 71ஆவது நகர்த்தலில், குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆட்டம் கைநழுவிப் போயிற்று. அன்றைய போட்டி 2–2 எனச் சமனில் முடிந்தது. தங்கம் பின்னர் உஸ்பெகிஸ்தானுக்குச் சென்றது.

மறுநாள் கடைசிச் சுற்று. அணியில் ஐவர், ஆடுவோர் நால்வர். விரும்பியிருந்தால் அவருக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். ஆயினும் ஜெர்மனிக்கு எதிராக முதல் பலகையில் அமர்ந்தவர் குகேஷே. அவர் தமது ஆட்டத்தைச் சமன் செய்தார். அணி 3–1 என வென்று வெண்கலம் பெற்றது.

நம்முடைய சபைகள் இப்படிச் செய்கின்றனவா? ஒருமுறை தவறியவரை நாம் எத்தனை ஆண்டுகள் பின்வரிசையில் உட்கார வைக்கிறோம்! "அவரா?" என்ற ஒரு சொல்லிலேயே பாடகர் குழுவின் கதவும் ஓய்வுநாள் பள்ளியின் கதவும் சிலருக்கு அடைபட்டுவிடுகின்றன. மும்முறை மறுதலித்த பேதுருவிடம் ஆண்டவர் மும்முறை கேட்டது அன்பைக் குறித்தே. கேட்டபின், தம் ஆடுகளை அவன் கையிலேயே ஒப்படைத்தார்.

மன்னிப்பு என்பது தவறை மூடி மறைப்பது என்று எண்ணாதிருங்கள். பறிகொடுத்த புள்ளி குகேஷுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. எளியோரைக் காயப்படுத்தியவர் கையில் மீண்டும் எளியோரை ஒப்புவிப்பதும் இரக்கமாகாது. நான் கேட்பது, பலவீனத்தால் இடறி, மனம் வருந்தி நிற்பவர்களுக்காகவே.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான கடைசி ஆட்டம் சமனை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தம் யானையைத் தவறாக நகர்த்தினார். பட்டம் 18 வயது குகேஷுக்கு வந்தது. டிங்கைப் பலர் ஏளனம் செய்தபோது, குகேஷ் அவரை உண்மையான சாம்பியன் என்று பாராட்டினார். இறுதிக் கட்டத்தில் இடறுவது எப்படிப்பட்டது என்பதைப் பூஞ்சேரியில் அறிந்தவர் அல்லவா அவர்!

நாமும் மன்னிக்கப்பட்டவர்களே. பின்வரிசையில் அமர்ந்து, ஆராதனை முடிந்ததும் ஒருவரோடும் பேசாமல் வெளியேறும் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். இந்த வாரம் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். பழையதைக் கிளறாமல், அவர் செய்யக்கூடிய ஓர் ஊழியத்துக்கு அவரை அழையுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்கு மறுநாளைத் தந்தவர் நீர். பிறருக்கும் அதை மறுக்காத இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.