பந்தைத் தடுத்தால் மட்டும் போதுமா?

ரொறன்ரோவில் மகளின் குடும்பத்துடன் தங்கியிருந்த நாட்களில் பேரனின் லக்ரோஸ் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் பற்றியே எழுதிப் பழகிய எனக்கு, நுனியில் வலை பின்னிய கோலால் பந்தை ஏந்தி எறியும் இவ்வாட்டம் முதலில் புதிராகவே இருந்தது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் உலகுக்கு அளித்த ஆட்டம் இது. கனடாவின் கோடைகாலத் தேசிய விளையாட்டாக 1994இல் சட்டபூர்வமாக அறிவிக்கப்பட்டது.

பேரன் கோல் காப்பாளன். ஒரு சனிக்கிழமை அவன் தடுத்த பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன், பதினொன்று. எனினும் தடுத்த பந்தை முன்னே அனுப்புகையில் மூன்று முறை அது எதிரணியிடமே சென்றது. அவற்றுள் இரண்டு கோலாயின. பயிற்றுநர் எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டார். வீடு திரும்பும்போது, "அம்மப்பா, பந்தை ஆரிட்டக் குடுக்கிறதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் இனி விளையாடப் போகேல்லை" என்றான்.

அவன் சொன்னது உண்மை. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி கோலை நோக்கிப் பந்தெறிவதிலேயே கழிவதை நானும் கண்டிருக்கிறேன். தடுத்த பந்தைப் பின்களத்திலிருந்து நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்வதை 'கிளியர்' என்கிறார்கள். சொல்லித்தராத இந்தப் பாடத்தில்தான் பிள்ளைகள் தண்டிக்கப்படுகிறார்கள்.

கணக்கு எளியது. அணிக்குப் பத்துப் பேர் ஆடும் கள ஆட்டத்தில் எந்த அணியும் தன் பாதியில் குறைந்தது நால்வரை நிறுத்த வேண்டும். ஆகவே பந்தைப் பறிக்க வருவோர் ஆறு பேர். காப்பாளருடன் சேர்த்துப் பந்தைக் கடத்துவோர் ஏழு பேர். யாரோ ஒருவர் எப்போதும் தனித்து நிற்பார். அவரைக் கண்டுபிடிப்பதே கிளியர். காப்பாளர் தன் வட்டத்துக்குள் பந்தை 4 செக்கன்கள் வைத்திருக்கலாம். அதுவரை எவரும் அவரைத் தொட முடியாது. நாலு செக்கன் சிறிதல்ல. அச்சுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் தலைப்பை மாற்றிய எந்த உதவி ஆசிரியரும் இதை ஒப்புக்கொள்வார்.

முதற்பார்வை, பந்தை எறிந்தவனைக் காவல் காத்த நம் வீரன்மீது விழவேண்டும். எறிந்தவன் கோலை நோக்கி வந்த வேகத்தில் நிற்க, காவல் காத்தவன் முன்னே ஓடத் தொடங்கியிருப்பான். அவன் அகப்படாவிட்டால் பின்கள வீரர் இருவர் இரு பக்க எல்லைக்கோடுகளை நோக்கி விரிந்து நிற்க வேண்டும். காப்பாளர் வட்டத்தை விட்டு வெளியேறிக் கோலின் பின்புறமாகப் பந்தைக் கொண்டுபோகலாம். பந்தோடு மீண்டும் வட்டத்துக்குள் வர முடியாது என்பதை மட்டும் மறக்கலாகாது. எதிரணியில் ஒருவன் தன்னை நெருங்கும்வரை பொறுத்திருந்து, அவன் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை அனுப்ப வேண்டும். பெறுபவர் எல்லைக்கோட்டுப் பக்கமாகத் திரும்பினால் கோலுக்கு முன்னே பந்தை இழக்கும் ஆபத்துக் குறையும். நீண்ட கோலுடைய பின்கள வீரர் நடுக்கோட்டைக் கடந்தால் நடுக்கள வீரர் ஒருவர் பின்தங்க வேண்டும், மறந்தால் ஓஃப்சைட்.

இவற்றில் காப்பாளர் தனியே செய்யக்கூடியது எவ்வளவு? அறுவர் அசையாமல் நின்றால் அவர் யாருக்குத்தான் எறிவார்? ஆகவே எழுவரும் சேர்ந்தே பழகவேண்டும். முதலில் எதிரிகளின்றி நடந்தபடி, பின்னர் இருவரை எதிர்த்து, கடைசியில் அறுவரை எதிர்த்து. ஒவ்வொரு தடுப்பையும் கிளியருடன் முடித்தால் தனி நேரமும் தேவையில்லை.

தூர எறிந்துவிடுவதே பாதுகாப்பு என்போர் உண்டு. வழியெல்லாம் அடைபட்டபோது நானும் அதை ஏற்பேன். அதையே பழக்கமாக்கினால் பந்தை எதிரிக்குத் தானம் செய்வதாகும். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவுள்ள அறுவர் ஆட்டத்தில், கோல் விழுந்த பின் காப்பாளரே பந்தை ஆட்டத்துக்குள் அனுப்புவார். 30 செக்கன்களுக்குள் எதிர்க்கோலை நோக்கி எறியவும் வேண்டும். அங்கே பந்தைக் கடத்தத் தெரியாத காப்பாளர் என்ன செய்வார்?

மருமகன் பயிற்றுநருடன் பேசியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை வீட்டின் பின்வளவில் பேரன் காப்பாளன், நான் விரிந்து நிற்கும் பின்கள வீரன். நேற்று அவன் சரியாக எறிந்த ஐந்து பந்துகளில் நான்கை நான் தவறவிட்டேன். அவன் கத்தவில்லை.