இரண்டு முறை வருகிறவர்கள்

திருவிடந்தைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முறை வருவார்கள். முதல் தடவை, கல்யாணம் கூடிவர வேண்டும் என்று இரண்டு மாலை வாங்கிச் சாத்தி, ஒன்றைத் திரும்பப் பெற்றுக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றுவார்கள். அந்த மாலை வீட்டில் பத்திரமாக இருக்கும். கல்யாணம் முடிந்ததும், சருகாகிப்போன அதே மாலையோடு ஜோடியாக வருவார்கள். காலவ ரிஷியின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்து, கடைசியில் எல்லோரையும் அகிலவல்லி என்ற ஒருத்தியாக்கி இடப்பக்கம் ஏந்திக்கொண்ட வராகப் பெருமாளின் ஊர் இது. திருவிடந்தை, அதாவது திரு இடவெந்தை, என்ற பெயரே அதனால் வந்தது.

போன மாதம் ஒரு நண்பகல், நடை சாத்தும் நேரம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் நின்றிருந்தேன். விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும் பக்கத்தில் வந்தார்கள். மகள் கையில் மாலைப் பை.

“சார், மகாபலிபுரம் போற பஸ் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

காட்டினேன். “எத்தனை மணிக்கு வரும்?” என்றார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் நின்ற இடத்தில் ஒரு நேரமும் எழுதியிருக்கவில்லை.

காலையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கியிருக்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அடையாறு வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி வந்திருக்கிறார்கள். சென்னை நகரத்துக்குள் போகவே வேண்டியதில்லை. கிளாம்பாக்கத்திலிருந்து வண்டலூர் சாலையில் கேளம்பாக்கம், அங்கிருந்து கோவளம், கோவளம் தாண்டினால் திருவிடந்தை. அதைவிட, தெற்கிலிருந்து வருகிறவர்கள் செங்கல்பட்டிலேயே இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, அங்கிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் வரலாம். மாமல்லபுரத்திலேயே தலசயனப் பெருமாளையும் சேவித்த மாதிரி ஆகும். கோயில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதே ஊரில் வலவெந்தை என்று சொல்லப்படும் ஆதிவராகர், தாயாரை வலப்பக்கம் வைத்திருப்பவர். இடமும் வலமுமாக இருவரையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாத பக்தர் உண்டா? சென்னைக்காரர்களுக்கு 588, 599 எண் பேருந்துகள் இருக்கின்றன. இதெல்லாம் எனக்குத் தெரிகிறது, இந்தப் பக்கத்தில் வசிப்பதால். விக்கிரவாண்டி அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

நானும் வெளியூர்க்காரனாக நின்றதுண்டு. மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் வீட்டுக்கு ஜப்பான் போனபோது, கானசாவா என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். நாலரை லட்சம் பேர் வசிக்கும் நடுத்தர ஊர். 2015இல்தான் டோக்கியோவிலிருந்து புல்லட் ரயில் அங்கே வந்தது. மறுநாள் மகளுக்குக் காய்ச்சல். தனியாகவே ஊர் சுற்றினேன். அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் வழி தவறவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணிவாரியாகப் பேருந்து நேரம் ஒட்டியிருந்தது, வேலை நாளுக்குத் தனி, விடுமுறைக்குத் தனி. வண்டிக்குள் அடுத்த நிறுத்தத்தின் பெயர் திரையில் ஆங்கில எழுத்திலும் ஓடியது. அதைப் பார்த்துத்தான் கென்ரோகுஎன் தோட்டத்தில் இறங்கினேன். யாரிடமும் கெஞ்சி விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியூர்க்காரனுக்கு ஓர் ஊர் தரும் மரியாதை அது என்று அன்று தோன்றியது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர்கள் பணக்கார நாடு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஒரு தகரப் பலகையும் கொஞ்சம் பெயிண்டும் எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகும். 2018 ஏப்ரலில் இதே திருவிடந்தையில்தான் நான்கு நாள் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பிரதமர் வந்தார், பல நாட்டுக்காரர்கள் வந்தார்கள். அத்தனை பேரும் வந்து போக வழி செய்ய முடிந்திருக்கிறது. மாலையோடு டவுன் பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் செய்ய முடியும்.

பலகையைவிடப் பெரிய கவலை சாலை. எந்தத் திசையிலிருந்து வந்தாலும், வந்த வழியே திரும்புகிறவர் போகும்போதோ வரும்போதோ அந்தச் சாலையை ஒரு தடவை கடந்தாக வேண்டும். கார்கள் பறக்கிற சாலை. அன்று அந்த அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை காலை எடுத்து வைத்துப் பின்வாங்கினார். மூன்றாவது தடவை நானும் கூடவே நடந்தேன். அக்கரைக்குப் போனதும் அவர் முதலில் பார்த்தது மாலைப் பையைத்தான், பூ நசுங்கவில்லையே என்று.

நிறுத்தத்தில் ஒரு பலகை வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில்: எந்த எண் எங்கே போகும், எத்தனை மணிக்கு வரும், கடைசி வண்டி எப்போது. கோயில் நேரெதிரே, வண்டிகளை நிறுத்திவைக்கும் சிக்னலோடு ஒரு கடவை வேண்டும். பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இந்த இரண்டும்தான். விக்கிரவாண்டிப் பெண் புருஷனோடு திரும்பி வரப்போகிறாள். அதற்குள் செய்து வையுங்கள்.