அம்மாவுக்கு ஒரு தேங்க்ஸ்

அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை 'தேங்க்ஸ்கிவிங்'. 1863-ல், உள்நாட்டுப் போருக்கு நடுவிலும், நன்றி சொல்ல ஒரு நாள் ஒதுக்கச் சொன்னார் ஆபிரகாம் லிங்கன்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். மேஜையில் வான்கோழியும் பூசணிக்காய்ப் பையும் ரெடி. ஆனால், சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமாம்! "ஃபெயிலானப்போ திட்டாத அம்மாவுக்கு" என்றான் பேரன். அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரருக்கும் டிரைவருக்கும் தினமும் தேங்க்ஸ் சொல்கிறேன். பெற்றவளுக்கு? 'நமக்குள்ள என்ன நன்றி' என்றே இருந்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் மதுரைக்கு போன் போட்டேன். அங்கே பொழுது விடிந்திருந்தது. "எல்லாத்துக்கும் தேங்க்ஸ்மா."

அம்மா பதறிவிட்டாள். "என்னடி ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

அவளைப் பழக்க நாளாகும்போல. நீங்களும் இன்றே தொடங்குங்களேன்!