தீபாவளிக்குக் குறுவை, பொங்கலுக்குச் சம்பா... கிறிஸ்துமஸுக்கு? டெல்டா இளம் குடும்பங்களின் டிசம்பர் கணக்கு!

டிசம்பர் பிறந்தாலே இன்ஸ்டாவில் ஸ்டார், குடில், பிளம் கேக், குட்டிப் பாப்பாவுக்கு சிவப்புத் தொப்பி என வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். `பாப்பாவோட முதல் கிறிஸ்துமஸ்' போட்டோவுக்கு லைக்ஸும் குவியும். தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை பக்கமும் இதே கதைதான். ஆனால், அந்த போட்டோக்களில் தெரியாத ஒன்று இருக்கிறது. வயலில் நிற்கும் சம்பா, அதாவது இன்னும் பணமாகாத பயிர்.

`அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்' என்பது டெல்டா வீடுகளில் எல்லாச் செலவுக்கும் சொல்லப்படும் பதில். பிரச்னை என்னவென்றால், கிறிஸ்துமஸ் அறுப்பு முடியும்வரை காத்திருக்காது.

ரெண்டு அறுவடைக்கு நடுவுல ஒரு பண்டிகை

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அந்தப் பணம் தீபாவளியைப் பார்த்துக்கொள்ளும். ஆகஸ்ட் வாக்கில் விதைத்த நீண்டகாலச் சம்பா ஜனவரி இரண்டாம் பாதியிலிருந்து அறுவடைக்கு வரும். பொங்கலுக்குப் புது நெல்லின் வாசமாவது வீட்டுக்கு வந்துவிடும்.

டிசம்பர் 25 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அப்போது சம்பா கதிர் விட்டு, பால் பிடிக்கும் நேரம். தாளடி இன்னும் இளம்பயிர். நடவு, களையெடுப்பு, உரம், மருந்து என்று செலவு எல்லாம் ஆகியிருக்கும். வரவு மட்டும் வந்திருக்காது. வருஷத்தில் கை ரொம்பக் காயும் மாதங்களில் இது ஒன்று.

போதாதற்கு, வடகிழக்குப் பருவமழையும் இதே நேரத்தில்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது கிறிஸ்துமஸுக்கு 39 நாள்களே இருந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னையை நம்பியிருந்த குடும்பங்கள் இழந்தது ஒரு வருஷத்து மகசூலை மட்டும் இல்லை. புதுக் கன்று காய்க்கவே பல வருஷம் ஆகும். 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பர் கடைசியில் டிட்வா என்று மழை வந்தபோதெல்லாம் டெல்டா வயல்கள் தண்ணீருக்குள் கிடந்தன.

2025-ல் குறுவையும் முழுசாகக் கைகொடுக்கவில்லை. அக்டோபர் மழையில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவித்த நெல் நனைந்து முளைத்தது. ஈரப்பத வரம்பை 17 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாகத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது. அக்டோபரில் வரவேண்டிய பணம் தள்ளிப்போனால், டிசம்பரில் முதலில் அடிவாங்குவது பண்டிகை பட்ஜெட்தான்.

பாப்பா மோதிரம் எங்கே போகுது?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 2 ஏக்கர் குத்தகை நிலம். கணவர் விவசாயத்தோடு லோடு ஆட்டோவும் ஓட்டுகிறார். பெரிய பிள்ளை எல்.கே.ஜி, சின்னதுக்கு 8 மாதம். டிசம்பரில் நாலு பேருக்கும் புதுத் துணி, ஸ்டார், கேக், முறுக்கு, அதிரசம், கறிச்சோறு. கூடவே சின்னதுக்கு ஞானஸ்நானம். `சிங்கப்பூர்லேருந்து மச்சான் வர்றாரு, திருப்பூர்லேருந்து அக்கா குடும்பம் வருது, இப்பவே வெச்சுடலாம்' என்று முடிவாகும். பந்தல், பிரியாணி, போட்டோகிராபர் எல்லாம் பின்னாலேயே வரும். ஜனவரியில் ஸ்கூல் திறந்ததும் அடுத்த டேர்ம் ஃபீஸ் கட்ட வேண்டும்.

இந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது? டெல்டாவில் பழகிய பதில், தங்கம். நடவுக்கு அம்மாவின் வளையல் ஏற்கெனவே அடகுக்குப் போயிருக்கும். கிறிஸ்துமஸுக்கு மிச்சம் இருப்பது பாப்பாவின் மோதிரமும் செயினும்தான். குழந்தையின் மைல்கல்லுக்கு வந்த தங்கம், அடுத்த மைல்கல்லின் செலவுக்கு அடகுக் கடைக்குப் போகிறது.

2025 டிசம்பரில் சவரன் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதே மோதிரத்துக்கு இப்போது கூடுதல் கடன் கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் புது விதிப்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை கடன் தரலாம். 2026 ஏப்ரல் 1-க்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அவசரத்துக்கு இது நல்லதுதான். ஆனால் மீட்கும்போது, வாங்கிய பெரிய தொகையும் அதன் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். இன்றைய விலையில் அதே மோதிரத்தைத் திரும்ப வாங்குவது லேசில்லை.

`தள்ளுபடி வரும்' என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடனுக்குத் தள்ளுபடி வந்தது உண்மை. ஆனால் நிபந்தனைகளைப் பார்த்ததில் பலர் பட்டியலுக்கு வெளியே போனார்கள். தனியார் அடகுக் கடையில் வைத்தவர்களுக்கு அது பொருந்தவே இல்லை.

அறுத்ததும் கையில் எவ்வளவு நிற்கும்?

2025-26 பருவத்தில் அரசுக் கொள்முதல் விலை குவின்டாலுக்கு சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய், சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாய். ஏக்கருக்கு 20 குவின்டால் சன்ன ரகம் விளைந்தால் 50,900 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருக்கு. அதிலிருந்து அறுவடை மெஷின் வாடகை, உரக்கடை பாக்கி, குத்தகை, நகையை மீட்கும் பணம் எல்லாம் போக வேண்டும். கதிர் விடும் நேரத்தில் மழை அடித்தால் மணி பிடிக்காமல் பதராகும். 20 குவின்டாலும் வராது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்றால், சம்பாவுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம்தான், கட்டாயம் போட வேண்டும். ஆனால் மகசூல் இழப்புக்கான தொகை, அறுவடைப் பரிசோதனை முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான் வரும். அதற்குள் கிறிஸ்துமஸ், பொங்கல் ரெண்டுமே போய்விடும்.

தாத்தா பாட்டி போட்ட கணக்கு

மார்கழியில் இந்து வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கத்தோலிக்க வீடுகளில் பொதுவாகக் கல்யாணத்தைத் தவிர்ப்பார்கள். இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் இடைவெளி, டெல்டாவில் சம்பா அறுவடைக் காலம். 2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18. பொங்கலுக்குப் பிறகு ஒரு மாதம் இருக்கிறது. காரணம் மதம் சார்ந்ததுதான் என்றாலும், பெரிய செலவு கையில் காசு வரும் மாதத்துக்குத் தானாகத் தள்ளிப்போனது.

ஞானஸ்நானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் இளம் குடும்பங்கள் அதை லீவில் உறவுகள் கூடும் கிறிஸ்துமஸோடு சேர்க்கிறார்கள். அந்த ஆசை நியாயமானது. மச்சானுக்கு அடுத்த லீவு எப்போது கிடைக்குமோ! அதனால் சடங்கையும் விருந்தையும் பிரித்துவிடலாம். ஞானஸ்நானம் டிசம்பரில், ஒரு கேக், டீயோடு. விருந்து அறுவடைக்குப் பிறகு, பாப்பாவின் முதல் பிறந்தநாளோடு.

இன்னும் ரெண்டு விஷயம். தீபாவளிச் சீட்டு மாதிரி கிறிஸ்துமஸுக்கும் ஜனவரியிலிருந்து வங்கி ஆர்.டி-யில் மாதம் 500 ரூபாய் போட்டால், நவம்பர் முடிவில் 5,500 ரூபாயும் வட்டியும் இருக்கும். நாலு பேர் துணிக்கும் பலகாரத்துக்கும் அது பெரிய ஆறுதல். அடுத்தது, நகையை எடுப்பதற்கு முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் கழற்றித் தருவது மனைவியாகவும், முடிவெடுப்பது மற்றவர்களாகவும் இருக்கிறது. எதற்காக வைக்கிறோம், எந்த அறுவடையில் மீட்போம் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள்.

பாப்பாவின் முதல் கிறிஸ்துமஸ் ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்கு வாங்கிய கடனின் வட்டி, ரெண்டாவது கிறிஸ்துமஸ் வரை ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.